மாவு மில்காரர் மகள் பெர்னதெத்

நம் கூட்டமைப்பு மலருக்கு ஒரு நல்லவரின் வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். நான் புனித பெர்னதெத் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் லூர்துமேரி, லூர்துசாமி என்று ஒருத்தராவது இல்லாத தெரு இருக்காது. புதுச்சேரி பக்கம் வில்லியனூரில் லூர்து மாதா கோயிலும் இருக்கு. ஆனால் லூர்து என்பது பிரான்ஸ் நாட்டில் ஒரு மலையடிவார ஊர் என்பதும், அங்கே மாதாவைக் கண்டவள் கடன்பட்டு நொடித்துப்போன குடும்பத்துப் பிள்ளை என்பதும் நிறைய பேருக்குத் தெரியாது. குழுவில் இருக்கிற நமக்கு அது தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

கோயிலில் பெர்னதெத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால் அவருடைய பணிவைத்தான் முதலில் சொல்வார்கள். பணிவு என்று நமக்குச் சின்ன வயசிலிருந்து சொல்லிக் கொடுத்தது என்ன? தலையைக் குனி, எதிர்த்துப் பேசாதே, நாலு ஆம்பளைங்க நிக்கிற இடத்துல வாயைத் திறக்காதே. அதுதான் பணிவு என்றால் பெர்னதெத்துக்குப் பணிவே கிடையாது என்றுதான் நான் சொல்வேன். வரலாற்றைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்க.

இன்னொரு விஷயம். சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தைச் சொல்லும்போது அவள், இவள் என்றுதான் எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுப் பிள்ளை மாதிரி நினைத்து எழுதுகிறேன்.

பெர்னதெத் பிறந்தது 1844-ஆம் வருசம் ஜனவரி 7. அப்பா பிரான்சுவா சுபிரு, அம்மா லூயிஸ். லூர்து ஊரில் ஓடைத் தண்ணீர் வேகத்தில் கல் சுற்றி மாவு அரைக்கிற மில்லை அவர்கள் நடத்தினார்கள். போலி மில் என்று அதற்குப் பேர் (அது அந்த ஊர்ப் பேர், நம்ம அர்த்தத்தில் போலி இல்லை!). ஒன்பது பிள்ளைகளில் மூத்தவள் இவள். அதில் பாதிக்கு மேல் சின்ன வயசிலேயே இறந்து போயின.

பெர்னதெத் கைக்குழந்தையாக இருக்கும்போது அம்மா மார்பில் தீக்காயம் பட்டுவிட்டது. பால் கொடுக்க முடியவில்லை. பக்கத்தில் பார்த்ரெஸ் என்ற கிராமத்தில் தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா இருந்தார். அந்த அம்மாவிடம் குழந்தையை விட்டு, மாதாமாதம் கூலி கொடுத்துப் பால் கொடுக்க வைத்தார்கள்.

மில் நொடித்த கதையை நம் குழுப் பெண்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பிரான்சுவாவும் லூயிசும் கெட்டவர்கள் இல்லை, குடித்து அழித்தவர்களும் இல்லை. அரைக்க வருகிறவர்களிடம் கறாராகக் கேட்கத் தெரியாது. ஏழைகள் வந்தால் அப்புறம் கொடுங்க என்று அனுப்பிவிடுவார்கள். வந்தவர்களுக்கு லூயிஸ் சாப்பிடவும் எடுத்து வைப்பார். நம் தெருவில் மளிகைக் கடை போட்டு, கடன் நோட்டு நிரம்பி, கடையை மூடினவர்கள் இல்லையா, அதே கதைதான். இதற்கு நடுவில் 1849-ல் அரைக்கிற கல்லைக் கொத்தும்போது சில்லு தெறித்து அப்பாவின் ஒரு கண் போய்விட்டது. 1854-ல் வாடகை கட்ட முடியாமல் மில்லை விட்டு வெளியேறினார்கள். முதலாளியாக இருந்தவர் தினக்கூலிக்குப் போனார். அம்மா வயல் வேலைக்கும் துணி வெளுக்கவும் போனார்.

அடுத்த வருசம் ஊரில் காலரா வந்தது. பெர்னதெத்துக்கும் வந்தது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் இளைப்பு நோய் சாகும் வரைக்கும் விடவே இல்லை. அதற்குப் பின்னால் பஞ்சம். ஒவ்வொரு வீடாக மாறி, கடைசியில் இருக்க இடமில்லாமல் ஒரு சொந்தக்காரர் இடத்தில் ஒதுங்கினார்கள். அது ஒரு காலத்தில் ஊர் ஜெயிலாக இருந்த அறை. கைதிகளை வைக்கக்கூட லாயக்கில்லை என்று மூடிப் போட்டது. ஏறக்குறைய 12 அடிக்கு 14 அடி. ஜன்னலைத் திறந்தால் குப்பைமேட்டு நாற்றம். அதற்குள் ஆறு பேர். பெர்னதெத்தின் தம்பி ஒருத்தன் பசி தாங்காமல் கோயிலில் உருகி விழுந்த மெழுகுவத்தி மெழுகைச் சுரண்டித் தின்றானாம்.

1857-ல் ஒரு ரொட்டிக் கடையில் இரண்டு மூட்டை மாவு திருடு போனது. போலீஸ் வந்து பிரான்சுவாவைப் பிடித்துக்கொண்டு போனது. சாட்சி இல்லை, தடயம் இல்லை. அவர் அவ்வளவு ஏழை, அதனால் அவர்தான் எடுத்திருப்பார் என்று சந்தேகம். ஒரு வாரம் போல உள்ளே வைத்திருந்து பிறகு விட்டுவிட்டார்கள். திருடவில்லை என்று யாரும் ஊரறியச் சொல்லவில்லை. ஜெயிலாக இருந்த அறையில் குடியிருந்த குடும்பத்தை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று நினைத்துப் பாருங்க.

அந்த வருசம் ஒரு வாய் குறையட்டும் என்று பெர்னதெத்தைப் பால் கொடுத்த அம்மா வீட்டுக்கே ஆடு மேய்க்க அனுப்பினார்கள். பதின்மூன்று வயசு ஆகிவிட்டது, எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சு மொழி வராது, அந்த வட்டாரப் பேச்சு மட்டும்தான். சத்துக்குறைவால் வயசுக்கு ஏற்ற வளர்த்தியும் இல்லை. புதுநன்மை வாங்க வேண்டும் (கத்தோலிக்கர்கள் முதல் தடவை நற்கருணை வாங்குவதை அப்படிச் சொல்வோம்), அதற்கு ஞானோபதேசம் படிக்க வேண்டும் என்று அவளே பிடிவாதம் பிடித்து 1858 ஜனவரியில் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

வந்த சில வாரத்தில், பிப்ரவரி 11-ந் தேதி, வீட்டில் விறகு இல்லை. தங்கச்சி, ஒரு தோழி, பெர்னதெத் மூன்று பேரும் விறகும் எலும்பும் பொறுக்கப் போனார்கள். எலும்பைப் பழைய சாமான் வாங்குகிறவளிடம் போட்டால் காசு கிடைக்கும். ஊருக்கு வெளியே ஆற்றோரம் மசபியேல் என்ற பாறைக் குகை. மற்ற இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போய்விட்டார்கள். இளைப்புக்காரிக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாதே, அவள் தயங்கித் தயங்கிக் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்போது காற்று மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் குகைக்கு மேலே உள்ள பொந்தில் வெள்ளை உடையும் நீல இடைக்கச்சையும் போட்டுக்கொண்டு ஒரு இளம் பெண். பெர்னதெத் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்துச் செபம் சொன்னாள். முடிந்ததும் அந்த உருவம் மறைந்துவிட்டது. அன்றைக்குத் தொடங்கி ஜூலை 16 வரைக்கும் 18 தடவை பார்த்தாள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மூன்றாவது தடவை, பிப்ரவரி 18 அன்று, அந்த அம்மா முதல் தடவையாகப் பேசினார். பதினைந்து நாள் இங்கே வர முடியுமா, தயவு செய்வீர்களா என்று கேட்டார். அந்த ஊர்ப் பேச்சில் நம்மைப் போலவே நீ, நீங்க என்று இரண்டு வார்த்தை உண்டு. அந்த அம்மா பெர்னதெத்தை நீங்க என்று அழைத்தார். ஜெயில் அறையில் குடியிருக்கிற கூலிக்காரர் மகளை, திருட்டுப் பட்டம் கட்டின வீட்டுப் பிள்ளையை, அதற்கு முன்னால் யார் நீங்க என்று கூப்பிட்டிருப்பார்கள்? பெர்னதெத் இதைப் பிறகு அதிசயமாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், ஒருத்தரைத் தாழ்த்தித் தாழ்த்தி வைத்தால் வருவது பணிவு இல்லை. உனக்கும் ஒரு மரியாதை இருக்கு என்று யாராவது உணர்த்தின பிறகு, அந்த மரியாதையைத் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் இருப்பதுதான் பணிவு.

செய்தி பரவிக் கூட்டம் கூட ஆரம்பித்தது. பிப்ரவரி 21 ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போலீஸ் அதிகாரி ழக்கோமே என்பவர் அவளைக் கூட்டிப்போய் விசாரித்தார். கெட்டிக்காரர். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு எழுதினதைத் திரும்ப வாசித்தார். வாசிக்கும்போது வேண்டும் என்றே சில இடங்களை மாற்றி மாற்றி வாசித்தார், பிள்ளை குழம்பி முன்னுக்குப்பின் முரணாகப் பேசட்டும் என்று. பெர்னதெத் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினாள். ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை, நீங்கள் மாற்றிவிட்டீர்கள் என்றாள். ஜெயிலில் போடுவேன் என்று மிரட்டினார். அதற்கும் அவள் பேச்சு மாறவில்லை.

சகோதரிகளே, அந்தப் பிள்ளைக்கு ஒரு எழுத்துத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. ஆனால் தான் சொன்னது எது, சொல்லாதது எது என்று அவளுக்குத் தெரியும். நம் கூட்டங்களில் தீர்மானப் புத்தகத்தை நீட்டினால் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறோமே, வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டால் பணிவில்லாதவள் என்று நினைப்பார்களோ என்று பயப்படுகிறோமே, அப்போதெல்லாம் எனக்கு இந்தப் பிள்ளை ஞாபகம்தான் வரும்.

நாலு நாள் கழித்து அரசு வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். அம்மாவும் மகளும் போனார்கள். ரொம்ப நேரம் நிற்க வைத்தே கேள்வி கேட்டார். பயத்தில் அம்மாவுக்குக் கால் நடுங்கி அழுகை வந்துவிட்டது. வக்கீலுக்கும் கை நடுங்கியது, பேனாவை மைக்கூட்டில் வைக்கத் தெரியாமல் தடவினார் என்று எழுதியிருக்கிறார்கள். கடைசியில்தான் அங்கே நாற்காலி இருக்கு, உட்காரலாம் என்று சொன்னார்கள். அம்மா உட்கார்ந்தார். பெர்னதெத், வேண்டாம், எங்களால் நாற்காலி அழுக்காகிவிடும் என்று சொல்லித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இதைப் பணிவு என்று சொல்வதா, குத்தல் என்று சொல்வதா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. ஒரு அலுவலகத்தில் கடன் மனு கொடுக்கப் போய், காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே மதியம் வரைக்கும் நின்ற அனுபவம் எங்கள் குழுவுக்கும் உண்டு.

பிப்ரவரி 25 அன்று நடந்ததுதான் அவளுக்குப் பெரிய அவமானம். அந்த அம்மா ஊற்றில் போய்த் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அங்கே ஊற்றே இல்லை. காட்டின இடத்தில் மண்ணைக் கையால் தோண்டினாள். சேறுதான் வந்தது. மூன்று தடவை அள்ளி அள்ளிக் கொட்டிவிட்டு நாலாம் தடவை குடித்தாள். முகமெல்லாம் சேறு. அங்கே முளைத்திருந்த இலையையும் பறித்துத் தின்றாள். முந்நூறு பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்று வரைக்கும் கும்பிட்டவர்கள் பைத்தியம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டதற்குப் பாவிகளுக்காக என்று மட்டும் சொன்னாள். அவள் தோண்டின இடத்தில் தண்ணீர் தெளிந்து ஓட ஆரம்பித்தது. இன்றைக்கு உலகம் முழுக்க பாட்டிலில் கொண்டு போகிறார்களே லூர்து தண்ணீர், அது அந்த ஊற்றுதான்.

மார்ச் 2-ந் தேதி, இங்கே ஒரு கோயில் கட்ட வேண்டும், மக்கள் பவனியாக வர வேண்டும் என்று குருக்களிடம் சொல்லச் சொன்னார் அந்த அம்மா. பங்குச்சாமியார் பெய்ரமால் நல்லவர்தான், ஆனால் ஊரே நடுங்குகிற கோபக்காரர். இவள் போய்ப் பவனி என்று சொன்னதுமே கத்தித் தீர்த்துவிட்டார். வெளியே வந்த பிறகுதான் கோயில் விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டோம் என்று ஞாபகம் வந்தது. கூட வந்த சித்திக்குத் திரும்பிப் போக தைரியம் இல்லை. பெர்னதெத் வேறு ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே மறுபடியும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அவளைப் பொறுத்தவரை சொல்வது அவள் வேலை, நம்ப வைப்பது அவள் வேலை இல்லை. இதை ஒருத்தரிடம் நேராகவே சொல்லியும் இருக்கிறாள். பணிவானவர்களுக்கு இது ஒரு பெரிய விடுதலை. யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அவள் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

சாமியார் அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு வரச் சொன்னார். மார்ச் 25 அன்று பெயர் கிடைத்தது. அமல உற்பவம் நானே என்பது அந்தப் பெயர். மாதா பாவ மாசு இல்லாமல் தாய் வயிற்றில் உருவானார் என்பது அதன் பொருள். நாலு வருசம் முன்னால்தான், 1854-ல், போப்பாண்டவர் அதை அறிவித்திருந்தார். பெர்னதெத்துக்கு அது என்ன என்றே தெரியாது. மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே சாமியார் வீட்டுக்கு ஓடினாள். கேட்டதும் சாமியார் ஆடிப்போய்விட்டார். அன்றிலிருந்து அவர்தான் அவளுக்குக் காவல். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மேலதிகாரி முயற்சி செய்தபோது குறுக்கே நின்றவரும் அவர்தான்.

இப்போது பணக் கதைக்கு வருகிறேன். மார்ச் 4 அன்று குகைக்கு ஏறக்குறைய 8,000 பேர் வந்தார்கள். இவ்வளவு பேர் தேடி வருகிற பிள்ளை, வீட்டில் சாப்பாடு இல்லாத பிள்ளை. ஆளாளுக்குக் காசு கொடுத்தார்கள். வாங்கவில்லை. பாவாடைப் பையில் திருட்டுத்தனமாகப் போட்டார்கள். காசு சுடுகிறது என்று சொல்லி எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஒரு ஆயர் தன் தங்க ஜெபமாலையைத் தருகிறேன் என்றார். அதுவும் வேண்டாம் என்றாள். தம்பி யாருக்கோ ஊற்றுத் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்துக் காசு வாங்கி வந்தான் என்று தெரிந்ததும் ஒரு அறை விட்டுத் திருப்பிக் கொடுத்து வரச் சொன்னாளாம். அப்பா அம்மாவும் வாங்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அந்தக் குடும்பத்துக்கு ஒரு மூட்டை மாவு எவ்வளவு பெரிய விஷயம்! பிற்காலத்தில் பங்குச்சாமியார் உதவியால் அப்பாவுக்கு மறுபடியும் ஒரு மில் கிடைத்தது. கோயில் கட்டுமான வேலையிலும் அவர் கூலியாளாக நின்று வேலை செய்தார். மகள் பார்த்த காட்சியால் எழும்பின கோயில், அப்பாவுக்கு அதில் தினக்கூலி!

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. மடத்துக்குப் போன பிறகு, தம்பிகள் வியாபாரம் செய்து பணக்காரர் ஆகிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டிருக்கிறார். நாம் முன்னேறத்தானே குழு நடத்துகிறோம். ஆனால் மாதா பெயரை விற்றுப் பிழைத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1860-ல் நெவேர் சபைக் கன்னியர்கள் லூர்தில் நடத்தின ஆஸ்பத்திரிப் பள்ளியில், ஆதரவில்லாத நோயாளி என்ற கணக்கில் அவரைச் சேர்த்தார்கள். பதினாறு வயசில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். (இனிமேல் அவர் என்றே எழுதுகிறேன்.) 1862-ல் ஆயர் விசாரணையை முடித்து, காட்சி உண்மை என்று அறிவித்தார். பெர்னதெத்தின் படத்தை அச்சடித்துக் கடையில் சில்லறைக் காசுக்கு விற்றார்கள். என் விலை அவ்வளவுதான் என்று சிரித்தாராம்.

1863-ல் நெவேர் ஆயர் ஃபோர்காத் அங்கே வந்தபோது பெர்னதெத் சமையலறையில் கேரட் தோல் சீவிக்கொண்டிருந்தார். கன்னியர் மடத்தில் சேர எண்ணமில்லையா என்று ஆயர் கேட்டார். பெர்னதெத் சொன்ன முதல் காரணம் என்ன தெரியுமா? எங்களிடம் சீதனம் இல்லை என்பது. அந்தக் காலத்தில் மடத்துக்குப் போகவும் பெண் வீட்டார் பணம் கொடுக்க வேண்டும். நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்றும் சொன்னார். ஆயர், கேரட் சீவத் தெரிகிறதே, அதற்கு ஒரு வேலை கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

1866 ஜூலையில் லூர்தை விட்டு ரயிலில் நெவேருக்குப் போனார். அதற்கப்புறம் ஊருக்குத் திரும்பவே இல்லை. போன மறுநாள் சுமார் முந்நூறு கன்னியர்கள் கூடியிருக்க, ஊர் உடையிலேயே நின்று காட்சிக் கதையை ஒரே ஒரு தடவை சொன்னார். இனி இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று உத்தரவு. மேரி பெர்னார் என்று பெயர் மாற்றினார்கள். அந்த வருசமே டிசம்பர் 8-ல் அம்மா இறந்துபோனார். போய்ப் பார்க்க முடியவில்லை.

1867 அக்டோபரில் வார்த்தைப்பாடு கொடுத்த நாள். ஒவ்வொரு புதுக் கன்னியருக்கும் எந்த ஊர், என்ன வேலை என்று ஆயர் வாசித்துக் கொடுத்தார். பெர்னதெத் பெயர் மட்டும் வரவில்லை. இவர் ஒன்றுக்கும் உதவாதவர் என்று தலைமைச் சிஸ்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். தலைக்கனம் வந்துவிடக் கூடாது என்று முன்பே பேசி வைத்துச் செய்தது அது. ஆயர் அவரைப் பார்த்து, அது உண்மையா என்று கேட்டார். உண்மைதான், இதை நான் லூர்துச் சமையலறையிலேயே உங்களிடம் சொன்னேனே என்றார் பெர்னதெத். அழவில்லை, முகம் சுருங்கவில்லை. ஆயர் அவருக்குச் செபிக்கிற வேலையைக் கொடுத்து, மடத்து ஆஸ்பத்திரி அறையில் உதவிக்கு வைத்தார்.

ஒன்றுக்கும் உதவாதவர் அங்கே என்ன செய்தார்? மருந்து அளவு, எடைக் கணக்கெல்லாம் நோட்டில் எழுதி வைத்துப் படித்தார். சீக்கிரமே அந்த அறையின் பொறுப்பு முழுக்க அவர் கைக்கு வந்தது. 1872-ல் மடத்து மருத்துவர் எழுதின கடிதத்தில், தன் வேலையைக் குறையில்லாமல் செய்கிற நர்ஸ் என்று அவரைப் பாராட்டியிருக்கிறார். அவரும் இளைப்புக்காரிதான், பல நாள் அவரே ஒரு கட்டிலில் நோயாளி.

அவரைப் பார்க்க வருகிறவர்கள் தொல்லை ஓயவில்லை. ஒருத்தர் வாசலில் இவரையே பிடித்து, பெர்னதெத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டாராம். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், இப்போது அவர் அந்த வழியாகப் போவார் என்று சொல்லிவிட்டு அதே கதவு வழியாக உள்ளே போய்விட்டாராம்.

இன்னொரு நாள் ஒரு சிஸ்டர் மசபியேல் கெபி படத்தை அவரிடம் காட்டினார். பெர்னதெத் திருப்பி ஒரு கேள்வி கேட்டார். விளக்குமாறை வைத்து என்ன செய்வார்கள்? கூட்டுவார்கள். கூட்டின பிறகு? கதவு மூலையில் வைத்துவிடுவார்கள். என் கதையும் அதுதான் என்றார். மாதா என்னை எடுத்துப் பயன்படுத்தினார், வேலை முடிந்ததும் மூலையில் வைத்துவிட்டார், எனக்கு அங்கே சந்தோசம்தான் என்று சொன்னார். இதைக் கேட்டுச் சிலர் பாவம் என்பார்கள். தினமும் விளக்குமாறு பிடிக்கிற நமக்குத்தான் தெரியும், அது வீட்டில் எவ்வளவு பெரிய ஆள் என்று. ஆனால் அது நடு வீட்டில் கிடந்தால் எல்லோர் காலிலும் இடறும்.

புதுக் கன்னியர்களுக்குப் பொறுப்பாக இருந்த வோசூ என்ற தாயார் அவரிடம் கடைசி வரைக்கும் கடுமையாகவே இருந்தார். நல்ல குடும்பத்தில் பிறந்து படித்த அம்மா. மாதா போயும் போயும் ஒரு பட்டிக்காட்டுப் பிள்ளைக்கா காட்சி கொடுக்க வேண்டும் என்பது அவர் மனசில் உறுத்தல். பெர்னதெத் வாய் திறந்து நியாயம் கேட்கவில்லை. போலீஸ்காரர் முன்னால் அவ்வளவு துணிந்து பேசினவர், இங்கே ஏன் பேசவில்லை? நான் யோசித்துப் பார்த்தேன். போலீஸ்காரர் மாற்றி எழுதினது அவரிடம் ஒப்படைத்த செய்தியை. அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வோசூ தாயார் குறைத்துப் பேசினது அவரை மட்டும்தான். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மனசு நொந்திருக்கும், கல் இல்லையே.

பிற்பாடு முழங்காலில் எலும்புக் காசநோய் வந்து பெரிய கட்டியாக வீங்கியது. வலி ராத்திரி பகல் விடாது. லூர்து ஊற்றில் எத்தனையோ பேர் குணமானார்கள், அதைத் தோண்டின கைக்குக் குணம் கிடைக்கவில்லை. 1876-ல் லூர்துப் பெரிய கோயிலின் அபிஷேகத்துக்கு ஊர் உலகமே போனது. அவர் போகவில்லை. 1879 ஏப்ரல் 16-ந் தேதி நாற்காலியில் சாய்ந்தபடியே உயிர் போனது. வயசு 35.

அவரைப் புனிதராக்கும் பேச்சு எழுந்தபோது, நான் செத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்று வோசூ தாயார் தடுத்துவிட்டாராம். அந்த அம்மா 1907-ல் இறந்தார். 1908-ல் விசாரணை தொடங்கியது. 1933 டிசம்பர் 8 அன்று, அவருடைய அம்மா இறந்த அதே தேதியில், போப்பாண்டவர் 11-ஆம் பயஸ் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

அவர் உடல் லூர்தில் இல்லை. பல நூறு கிலோமீட்டர் தள்ளி நெவேர் மடத்துச் சிற்றாலயத்தில், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. லூர்தில் அந்த ஜெயில் அறை இருக்கிறது. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பணக்காரர்களும் படித்தவர்களும் வந்து, அந்த 12 அடிக்கு 14 அடி அறையைப் பார்க்க இன்றைக்கும் வாசலில் காத்து நிற்கிறார்கள்.